புகைக்காத நாளின் கூலி

ஓர்ஸ் ஹில்லின் அடிவாரத்தில் விரிந்து கிடக்கும் திருகோணமலை உள்துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படையின் கப்பல்கள் நங்கூரமிட்டு நின்ற காலத்தில், அந்தக் கப்பல்களில் மாலுமிகளுக்கு நாள்தோறும் ரம் பங்கிட்டார்கள். பதிவேட்டில் ஒவ்வொரு மாலுமியின் பெயருக்கு எதிரேயும் ஒரு குறி இருக்கும். ரம் வாங்குகிறவனுக்கு ஒரு குறி, வயது வராதவனுக்கு ஒரு குறி, எனக்கு வேண்டாம் என்று சொன்னவனுக்கு ஒரு குறி. வேண்டாம் என்றவனுக்கு ரம்முக்குப் பதிலாக நாளொன்றுக்கு மூன்று பென்ஸ் சம்பளத்தோடு சேர்ந்து வந்தது. 1957இல் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. ரம் பங்கீடு அதற்குப் பிறகும் 1970 ஜூலை 31 வரை நடந்தது. அதுவரை அந்த மூன்று பென்ஸும் இருந்தது. புகையிலை விஷயத்தில் அதே கடற்படை நேர்மாறாக நடந்துகொண்டது: மாலுமிகளுக்கு அது தீர்வை இல்லாமல் மலிவு விலைக்குக் கிடைத்தது.

இந்தப் பழைய கணக்கை எடுக்கக் காரணம் இருக்கிறது. சிகரட்டை விட நினைக்கிறவருக்கு நம் ஊரில் கிடைப்பது முதலில் பயமுறுத்தல், அடுத்தது புத்திமதி. விட்டால் உனக்குத்தான் நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நல்லது எப்போது கைக்கு வந்து சேரும் என்று ஒருவரும் சொல்வதில்லை. புகைக்காத நாளுக்கு அன்றன்றே ஒரு கூலி இருந்தால் ஆள் நிலைத்து நிற்பாரா என்பதை உளவியலாளர்களும் பொருளியலாளர்களும் பல நாடுகளில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். நிற்பார் என்பதுதான் முடிவு. ஆனால் எந்தக் கூலி, யார் கையால், எந்த முறையில் என்பதைப் பொறுத்துப் பலன் வெகுவாக மாறுகிறது. அதைத்தான் இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

உவர்மலை என்று ஊரார் சொல்லும் ஓர்ஸ் ஹில் பகுதியானாலும், இலங்கையின் வேறு எந்த ஊரானாலும், சிகரட் பெரும்பாலும் ஒன்றொன்றாகத்தான் விலைபோகிறது. தேத்தண்ணிக் கடை மேசையில் திறந்தபடி ஒரு பெட்டி, பக்கத்தில் ஆணியிலிருந்து நூலில் தொங்கும் ஒரு லைட்டர். வருகிறவர் பிளேன்ரீ ஒன்று சொல்லி விரலை நீட்டுவார். கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார். நூல் நீளும் தூரத்துக்கு லைட்டரை இழுத்துப் பற்றவைத்துக்கொண்டு அவர் வாங்கிலில் போய் உட்காருவார். சிகரட் பெட்டியின் முகப்பில் 80 வீதத்தை நோயின் படங்கள் மூடியிருக்க வேண்டும் என்று 2015இலிருந்து இங்கே சட்டம் இருக்கிறது. ஒன்றொன்றாக வாங்குகிறவரின் கைக்கு அந்தப் பெட்டி வருவதே இல்லை.

காசின் கதையும் அதுதான். ஒரு கோல்ட் லீஃப் இன்று 100 ரூபாவைத் தாண்டி நிற்கிறது. நாளுக்கு 8 பத்துகிறவருக்கு 800 ரூபாவுக்கு மேல், மாதத்துக்கு 24,000 ரூபாவுக்கு மேல். ஆனால் எந்த நேரத்திலும் கையை விட்டுப் போவது நூற்றுச் சொச்சம்தான் என்பதால் வலி தெரிவதில்லை. விட்டவருக்கும் இதே காரணத்தால் லாபம் தெரிவதில்லை. மிஞ்சிய நூறு ரூபா சட்டைப் பையில் கிடந்து மீனுக்கும், போன் ரீலோடுக்கும், பிள்ளையின் கொப்பிக்கும் கரைந்துவிடுகிறது. ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர் மாத முடிவில் பையைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. சிகரட்டை விட்டு எனக்கு என்ன கிடைத்தது என்று அவர் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானதே.

மூளைக்குள் நடப்பதைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். இழுத்த புகையிலுள்ள நிகொட்டின் நுரையீரலில் இரத்தத்தோடு கலந்து மூளையை எட்டப் பத்து முதல் இருபது வினாடி போதும். அங்கே அசற்றைல்கோலின் என்ற இயல்பான நரம்புச் சுரப்புக்கென்று அமைந்த ஏற்பிகளில் அது போய் ஒட்டிக்கொள்கிறது. நடுமூளையின் நரம்புக்கலங்கள் உடனே டோபமைனை வெளியிடுகின்றன. இப்போது செய்ததை மறுபடி செய் என்று உடம்புக்குக் கற்றுக்கொடுக்கும் இரசாயனம் அது. ஒரு சிகரட்டைப் பத்துத் தரம் இழுக்கிறார், நாளுக்கு 8 சிகரட் என்று வைத்தால், ஆண்டுக்கு 29,000 தடவை இந்தப் பாடம் நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடத்தையும் யாரும் இத்தனை தடவை படித்ததில்லை.

எதிர்ப்பக்கத்தில், விட்டால் வரும் நன்மை. ரிச்சர்ட் டோல், ரிச்சர்ட் பீட்டோ குழுவினர் பிரித்தானிய வைத்தியர்களை 50 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள். 30 வயதில் விட்டவர் ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளை மீட்கிறார். 40இல் விட்டவர் 9, 50இல் விட்டவர் 6, 60இல் விட்டவர்கூட 3. இதைவிடப் பெரிய பரிசை எந்த அரசும் தர முடியாது. ஆனால் அந்தப் பரிசு முப்பது வருடத்துக்கு அப்பால் நிற்கிறது, சிகரட்டின் பரிசோ இருபது வினாடியில் வந்துவிடுகிறது. வோரன் பிக்கல் என்ற அமெரிக்க உளவியலாளரும் சகாக்களும் 1999இல் ஓர் ஆய்வு செய்தார்கள். இன்றே சிறு தொகையா, பின்னால் பெருந்தொகையா என்று மாற்றி மாற்றிக் கேட்டபோது, புகைக்கிறவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக இன்றைய சிறு தொகையின் பக்கம் சாய்ந்தார்கள். ஒரு காலத்தில் புகைத்து விட்டுவிட்டவர்களோ ஒருபோதும் புகைக்காதவர்களைப் போலவே விடை சொன்னார்கள். ஆகவே புகைக்கிறவரைப் பார்த்து மனத்திடம் இல்லாதவன் என்று பழிப்பது அறிவியலும் இல்லை, மனிதாபிமானமும் இல்லை. தொலைவில் இருக்கும் நன்மையின் ஒரு துண்டையாவது வெட்டி இன்றைய நாளுக்குள் கொண்டுவந்து வைப்பதுதான் உண்மையான உதவி.

நிகொட்டின் உடம்பில் குறைந்தால் ஆசை எழும், அதை அடக்க முடியாது என்பது பரவலான நம்பிக்கை. அது பாதி உண்மை. திருகோணமலைக் குடாவுக்கு அப்பால் கிண்ணியாவிலும் மூதூரிலும் நோன்பு மாதத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். மற்ற மாதங்களில் இரண்டு மணித்தியாலம் தாங்காதவர், விடியலுக்கு முந்தைய ஸஹர் உணவு முடிந்ததிலிருந்து நோன்பு திறக்கும் வரை பதின்மூன்று மணித்தியாலம் ஒன்றையும் தொடாமல் இருக்கிறார். நிகொட்டின் இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம்தான் எடுக்கும். அப்படியானால் நண்பகல் லுஹர் தொழுகைக்குள்ளேயே பெரும்பகுதி போய்விட்டது. ஆனாலும் ஆள் சமாளிக்கிறார். டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ருவென் டார் 2010இல் விமானப் பணியாளர்களிடம் இதைத் தெளிவாகக் காட்டினார். புகைக்கும் பழக்கமுள்ள அதே பணியாளர்களைக் குறுகிய பறப்பிலும் நீண்ட பறப்பிலும் அவ்வப்போது கேட்டபோது, குறுகிய பறப்பு தரையிறங்கும் நேரத்தில் ஆசை உச்சத்தில் இருந்தது. நீண்ட பறப்பில் அதே அளவு நேரம் கழிந்திருந்தபோது ஆசை அந்தளவு இல்லை. புகைக்காமல் இருந்த நேரம் ஒன்றுதான். வேறுபட்டது, அடுத்த சிகரட் எப்போது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு.

வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் 1990களில் குரங்குகளில் கண்டதும் இதோடு பொருந்துகிறது. பழச்சாறு வரப்போகிறது என்று ஒளி மூலம் அறிந்துகொள்ளப் பழகிய குரங்கின் டோபமைன் நரம்புகள், சாறு நாக்கில் படும்போது சும்மா இருந்தன. ஒளி எரியும்போதே துடித்தன. எதிர்பார்த்த சாறு வராமல் போனால், வரவேண்டிய அந்தக் கணத்தில் அவற்றின் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே விழுந்தது. விட்டவருக்குத் தேத்தண்ணிக் கடையின் லைட்டர்தான் அந்த ஒளி. சிகரட் வராதபோது ஏற்படும் அந்த வீழ்ச்சியைத்தான் அவர் எரிச்சல், வெறுமை, யாரோடாவது சண்டை பிடிக்க வேண்டும் என்ற உந்தல் என்றெல்லாம் அனுபவிக்கிறார். ஆகவே ஓர் எதிர்பார்ப்பைப் பறிக்கும் இடத்தில் இன்னோர் எதிர்பார்ப்பைக் கொடுக்காமல் விடக்கூடாது. பரிசு எதற்கு என்று கேட்டால், இதற்குத்தான்.

முதல் நாட்களில் இது இன்னும் முக்கியம். 1998இல் கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் அதினா மார்க்கூவின் குழு எலிகளுக்குச் சில நாட்கள் நிகொட்டின் கொடுத்துப் பின் நிறுத்தியது. மூளையின் இன்பப் பகுதிக்கு மின்தூண்டல் கொடுத்தால் எலிகள் விரும்பி ஏற்கும். நிகொட்டினை நிறுத்திய பிறகு அதே இன்பத்தை உணர அவற்றுக்கு முன்பைவிட அதிக மின்னோட்டம் வேண்டியிருந்தது, அதுவும் பல நாட்களுக்கு. மனிதரும் அப்படித்தான். விட்ட முதல் வாரத்தில் சோறு ருசிக்காது, பாட்டு இனிக்காது, பிள்ளையின் சிரிப்புகூட எரிச்சலைத் தரும். இந்த நேரத்தில் மெல்லிய திருப்திகள் வேலை செய்யாது. கையில் பிடிக்கக்கூடிய, கண்ணால் எண்ணக்கூடிய ஏதாவது வேண்டும். எந்த உதவியும் இல்லாமல் விடுகிறவர்களில் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்தும் விட்டபடியே இருப்பவர்கள் 100க்கு 3 முதல் 5 பேர்தான் என்றும், திரும்பிப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதல் 8 நாட்களுக்குள் போய்விடுகிறார்கள் என்றும் ஜோன் ஹியூஸ் 2004இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார். பரிசுகளை எங்கே நெருக்கமாக வைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை தேவையில்லை.

எப்படி வைப்பது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை, வெர்மொன்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் ரோலும் ஸ்டீவன் ஹிக்கின்ஸும் செய்து 1996இல் வெளியிட்டது. 60 பேர். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு மூன்று தரம் வந்து ஒரு கருவிக்குள் ஊத வேண்டும். மூச்சிலுள்ள கார்பன் மொனொக்சைட்டை வைத்து அண்மையில் புகைத்தாரா என்று கருவி காட்டிவிடும். ஒரு குழுவுக்கு, சுத்தமாக ஊதிய ஒவ்வொரு தடவையும் ஒரே தொகை, 9.80 டொலர். இன்னொரு குழுவுக்கு முதல் தடவை 3 டொலர், அடுத்தடுத்து 50 சதம் கூடிக்கொண்டே போகும், தொடர்ந்து மூன்று தரம் சுத்தமாக ஊதினால் 10 டொலர் மேலதிகமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு தடவை புகைத்துவிட்டு வந்தால் தொகை மறுபடி 3 டொலரிலிருந்து தொடங்கும். மூன்று தடவை தொடர்ந்து சுத்தமாக ஊதிக் காட்டினால் விழுந்த இடத்துக்கே ஏறிவிடலாம். இரு குழுவிலும் முழு வாரமும் தாக்குப்பிடித்தால் கிடைக்கும் மொத்தத் தொகை ஏறக்குறைய ஒன்றுதான். மூன்றாவது குழுவுக்குப் புகைத்தாலும் புகைக்காவிட்டாலும் காசு.

இரண்டு பரிசுக் குழுக்களும் மூன்றாவது குழுவைவிட நன்றாகச் செய்தன. ஆனால் ஆரம்பத்தில் நிறுத்திய பிறகு மறுபடி சிகரட்டைத் தொட்டவர்களைப் பார்த்தால் வித்தியாசம் பெரிது. ஒரே தொகை வாங்கிய குழுவில் பத்தில் ஆறு பேர் தொட்டார்கள், ஏறிக்கொண்டே போகும் தொகை வாங்கிய குழுவில் பத்தில் இரண்டு பேர்தான். காரணம் எளிது. ஏறும் பரிசில் ஒவ்வொரு நாளும் இழக்கக்கூடியது நேற்றைவிடப் பெரிதாகிறது. கடற்படையின் மூன்று பென்ஸ் என்றைக்கும் மூன்று பென்ஸாகவே இருந்தது. நூறு நாள் குடிக்காமல் இருந்தவனும் நாளை ஒருநாள் குடித்தால் இழப்பது அதே மூன்று பென்ஸ்தான்.

பெரிய அளவில் நடந்த பரிசோதனைகளில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். கெவின் வோல்ப் குழுவினர் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பனியின் 878 ஊழியர்களிடம் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பரிசு கிடைத்தவர்கள் மொத்தமாக 750 டொலர் வரை சம்பாதிக்கலாம். 9 அல்லது 12 மாத முடிவில் பரிசுக் குழுவில் 14.7 வீதம் பேர் விட்டிருந்தார்கள், மற்றக் குழுவில் 5 வீதம். பணம் கொடுப்பதை நிறுத்தி ஆறு மாதம் கழிந்த பிறகும் 9.4 வீதத்துக்கு 3.6 வீதம் என்று இடைவெளி நின்றது. பரிசுக் குழுவிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்போது தோற்றிருந்தார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. பரிசு பெரிய உதவி, ஆனால் அதுமட்டும் போதாது.

2015இல் ஸ்கொட் ஹால்பர்ன் இன்னொரு கேள்வி கேட்டார். பரிசு மட்டும் கொடுப்பதா, அல்லது ஆள் தன் காசிலிருந்து கட்டுப்பணம் கட்டி, தோற்றால் அதை இழப்பதா? 150 டொலர் கட்டுப்பணம் கேட்டபோது ஒப்புக்கொண்டவர்கள் 13.7 வீதம் பேர்தான். வெறும் பரிசுக்கு 90 வீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கட்டுப்பணத்துக்கு முன்வரக்கூடியவர்களிடம் அது வெறும் பரிசைவிடக் கூடுதலாக வேலை செய்தது. இழப்புக்குப் பயப்படும் குணம் எல்லோருக்கும் உண்டு. அந்தப் பயத்துக்குள் தானாக நுழையும் துணிவு சிலருக்குத்தான் உண்டு.

இவை அமெரிக்கக் கம்பனிக் கணக்குகள். நமக்கு நெருக்கமானது பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் நடந்தது. அங்கே ஒரு கிராமிய வங்கி, புகைத்தலை விட விரும்புகிறவர்களுக்கென்று ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கியது. சிறு தொகையில் ஆரம்பித்து, ஆறு மாதம் வரை முடிந்தபோதெல்லாம் போடலாம். வட்டி இல்லை. ஆறு மாதத்தில் சிறுநீர்ப் பரிசோதனை. தேறினால் போட்ட காசு முழுவதும் திரும்பும், தவறினால் அது தர்மத்துக்குப் போய்விடும். சவியர் ஹினே, டீன் கார்லன், ஜொனதன் சின்மன் மூவரும் 2010இல் இதன் முடிவை வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் 11 வீதம் பேர் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்கள் சராசரியாக 550 பெசோ போட்டிருந்தார்கள், ஏறக்குறைய ஆறு மாதச் சிகரட் செலவு. ஒரு வருடம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் பரிசோதித்தபோதும் பலன் நிலைத்திருந்தது. வெளியார் யாரும் ஒரு சதமும் பரிசு தரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவரவர் காசையே அவரவருக்குப் பரிசாக மாற்றிய ஏற்பாடு அது.

தாய்லாந்தின் நக்கோன் நாயோக் மாகாணக் கிராமங்களில் 201 பேரிடம் ஜஸ்டின் வைட் குழுவினர் செய்தது இன்னும் ஒரு படி மேலே போனது. கட்டுப்பணத்தோடு, புகைக்கிற இருவரைச் சோடியாகச் சேர்த்தார்கள். மூன்று மாதத்தில் இருவரும் தேறினால்தான் மேலதிகப் பரிசு. ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் இரண்டு மடங்குக்கு மேற்பட்டவர்கள் ஆறு மாதத்தில் விட்டிருந்தார்கள்.

இதெல்லாம் லஞ்சம் இல்லையா, ஒருபோதும் புகைக்காத நல்லவனுக்கு என்ன கொடுத்தீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. அவனுக்கு ஆயுள் கிடைத்துவிட்டது, அதுவும் இலவசமாக. இன்னும் கூர்மையான கேள்வி ஒன்று இருக்கிறது: பரிசுக்காகச் செய்கிற வேலையில் உள்ளார்ந்த விருப்பம் செத்துப்போகாதா? மார்க் லெப்பர் 1973இல், படம் வரைவதை விரும்பிய சிறு பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிப் பரிசு கொடுத்தபோது பின்னர் அவர்களின் ஆர்வம் குறைந்ததைக் காட்டினார். ஆனால் படம் வரைவது பிள்ளைகளுக்கு இன்பம். புகைக்காமல் இருப்பது முதல் மாதத்தில் யாருக்கும் இன்பம் இல்லை, கொல்வதற்கு அங்கே ஆர்வம் எதுவும் இல்லை. கெய்ட்லின் நொட்லி குழுவினர் 2019இல் கொக்ரேன் அமைப்புக்காக 21,600க்கு மேற்பட்டவர்கள் பங்குபற்றிய 33 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். பரிசு பெற்றவர்கள் விட்டபடி இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. பரிசு நின்ற பிறகும் அது கலையவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். இந்தப் பரிசோதனைகள் எல்லாவற்றிலும் பரிசை வைத்திருந்தது வேறொருவர், புகைத்தாரா இல்லையா என்று பார்த்ததும் வேறொருவர். விட்டவர்களுக்கான கையேடுகள் உங்களுக்கு நீங்களே பரிசு கொடுங்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகின்றன. தானே வைத்துத் தானே எடுக்கும் பரிசு, தோற்ற அன்றும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அதனால்தான் பலரின் சுயபரிசு ஒரு வாரத்தில் அர்த்தம் இழக்கிறது. பரிசு உங்களுடைய விருப்பமாக இருக்கட்டும். சாவி இன்னொருவரிடம் இருக்கட்டும். அந்த இன்னொருவர் மனைவியாக இல்லாமல் இருப்பது நல்லது என்பது என் கருத்து. வீட்டுக்காரியைப் பொலிஸ் ஆக்கினால் சிகரட்டோடு சேர்த்து வீட்டு நிம்மதியும் போய்விடும். சேர்ந்து விடுகிற கூட்டாளியோ, கடற்கரையில் ஒரே வள்ளத்தில் போகிறவரோ, மூத்த அக்காவோ பொருத்தம்.

நாளுக்கு 8 பத்துகிற ஒரு முச்சக்கரவண்டிக்காரரை எடுத்துக்கொள்வோம். கண்ணாடிப் போத்தல் ஒன்றைக் கூட்டாளியின் வீட்டில் வைக்கிறார். காசு வெளியே தெரிய வேண்டும். நாளுக்கு 800 ரூபா அதற்குள் போகிறது, அன்றே, கடைசிச் சிகரட்டின் நேரத்துக்கே. அதிலிருந்து முதல் நாளுக்கு 200 ரூபா அவருக்குத் திரும்புகிறது, தான் விரும்பியதைச் செய்ய. அடுத்த நாள் 250, அதற்கடுத்த நாள் 300, எட்டாம் நாள் 550. எட்டு நாளில் கைக்கு வந்தது 3,000. போத்தலில் நிற்பது 3,400. அது மாதப் பரிசுக்கு. இடையில் ஒன்றைப் பத்திவிட்டால் மறுநாள் கூலி 200இலிருந்து தொடங்கும். மூன்று நாள் சுத்தமாக இருந்தால் விட்ட இடத்துக்கே ஏறும். இந்த ஏறும் வழி கட்டாயம் வேண்டும். ஒன்று பத்தியாகிவிட்டது, இனி என்ன என்று ஒரு பெட்டியையே முடிப்பதுதான் பெரும்பாலான வீழ்ச்சிகளின் வடிவம். ஒரு சிகரட்டின் தண்டனை மூன்று நாள்தான் என்று தெரிந்தால் அந்த இரண்டாவது சிகரட்டுக்கு அவசியம் இல்லாமல் போகிறது.

என்ன வாங்குவது என்பது அவரவர் மனசு. தூண்டில் றீலோ, மகளின் புத்தகப் பையோ, வண்டிக்கு ஒரு ஸ்பீக்கரோ. இரண்டு விஷயங்களை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். ஒன்று சாராயம். விட்டவரைச் சிகரட்டிடம் திருப்பி அனுப்புவதில் அதற்கு நிகர் இல்லை. மற்றது எல்லாவற்றுக்கும் இனிப்பு. விட்ட முதல் வருடத்தில் சராசரியாக நான்கைந்து கிலோ எடை கூடுகிறது. நீரிழிவு இவ்வளவு மலிந்த நாட்டில் அதற்கு மேலும் சீனி சேர்க்க வேண்டியதில்லை. காசில்லாத பரிசு ஒன்று ஓர்ஸ் ஹில்காரருக்கு வாசலிலேயே இருக்கிறது: ஏற்றம். கார்பன் மொனொக்சைட் இரத்தத்தில் பாதியாகக் குறைய நான்கு முதல் ஆறு மணித்தியாலம் எடுக்கும். ஒன்றிரண்டு நாளில் இரத்தம் ஒட்சிசனை முழுதாகச் சுமக்கத் தொடங்கும். விடுவதற்கு முதல் நாள் ஏற்றத்தில் எங்கே நின்று மூச்சு வாங்கினீர்கள் என்று குறித்து வையுங்கள். பிறகு வாரத்துக்கு ஒருமுறை அதே வழியில் ஏறிப் பாருங்கள்.

பரிசு எத்தனை நாளுக்கு? மாலை போட்டு ஐயப்பனுக்கு 41 நாள் விரதம் இருப்பவர்களில் பலர் அந்த நாட்களில் சிகரட்டைத் தொடுவதில்லை. மாலையைக் கழற்றியதும் திரும்புகிறவர்களும் பலர். யேல் பல்கலைக்கழகத்தில் கெல்லி கொஸ்குரோவ் 2009இல் மூளைப் படங்களில் கண்டது, புகைக்கிறவர்களிடம் பெருகியிருக்கும் நிகொட்டின் ஏற்பிகள் ஒரு மாதம் கழிந்தும் பெருகியபடியே இருந்து, 6 முதல் 12 வாரத்துக்குள்தான் புகைக்காதவர்களின் அளவுக்கு இறங்குகின்றன என்று. 41 நாள் என்பது அந்த இறக்கத்தின் வாசல். இவ்வளவு தூரம் வந்தவர் திரும்புவதற்கு, விமானம் தரையிறங்கும் நேரத்து எதிர்பார்ப்பையும் காரணமாகச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். முடிவு நாள் தெரிந்த விரதத்தில் சிகரட்டும் அந்த நாளுக்காகக் காத்திருக்கிறது. ஆகவே பெரிய பரிசை 42ஆம் நாளுக்குப் பிறகும், 90ஆம் நாளிலும், ஆறாம் மாதத்திலும், ஒரு வருடத்திலும் வையுங்கள்.

நிகொட்டின் சூயிங்கம், ஒட்டுப்பட்டி போன்றவை தனியாகவே விடும் வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகின்றன. அவற்றை வைத்தியரிடம் கேட்டுப் பரிசோடு சேர்த்துப் பாவிப்பதில் எந்தக் குறைவும் இல்லை. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தும் ஆலோசனை கேட்கலாம். அந்தச் சபையை உண்டாக்கிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் விளம்பரத்தை நிறுத்தியது, 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்பதைத் தடுத்தது. பிறகு யாழ்ப்பாணத்திலும் வேறு மாவட்டங்களிலும் பல ஊர்களின் கடைக்காரர்கள் சிகரட் விற்பதையே தாமாக விட்டார்கள். தடுக்கும் பக்கத்தில் இந்த நாடு செய்தது பெருமைக்குரியது. விடுகிறவரின் கையில் ஏதாவது வைக்கும் பக்கம்தான் வெறுமையாகக் கிடக்கிறது.

அதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமோ, கோயில் அல்லது பள்ளிவாசல் பரிபாலன சபையோ, முச்சக்கரவண்டிச் சங்கமோ உறுப்பினர்களின் கட்டுப்பணத்தைப் பொறுப்பேற்கலாம். இருவர் இருவராகச் சேர்க்கலாம். ஊதிப் பார்க்கும் கருவி ஒன்று ஓர்ஸ் ஹில் முழுவதற்கும் போதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கிளினிக்கிலோ இருந்தால் நல்லது. கருவி ஒரு நாளுக்கு முந்தைய சிகரட்டைப் பிடிக்காது என்பதை மறக்காமல் நேரத்தை வகுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மட்டும் ஊத வைத்தால் சனி, ஞாயிறு கூட்டாளிகளோடு கழிந்த இரவுகள் கணக்கிலேயே வராது. முதல் எட்டு நாளும் தினமும் மாலையில், அதன் பின் வெள்ளி மாலையிலும் திங்கள் காலையில் வண்டி எடுக்கும் முன்னரும், மூன்றாம் மாதத்துக்குப் பிறகு முன்னறிவிப்பில்லாமல் மாதம் ஒருமுறை என்று வைத்துத் தொடங்கலாம்.